கணினி கிரப் திரையில் நின்றுவிட்டதா? ஃபார்மேட் செய்யும் முன் இதைப் படியுங்கள்

போன மாதம் ஒரு ஞாயிறு இரவு, விண்டோஸில் இடம் போதவில்லை என்று, எப்போதோ ஆசைக்குப் போட்டுப் பார்த்த ஃபெடோரா என்ற லினக்ஸின் பார்ட்டிஷனை (டிஸ்கில் அதற்கென ஒதுக்கிய பகுதியை) டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் அழித்தேன். நான் செய்தது அவ்வளவுதான். ரீஸ்டார்ட் ஆனதும் கறுப்புத் திரை, மேலே புரியாத ஒரு வரி, கீழே 'கிரப்>' என்ற சொல், பக்கத்தில் கண்சிமிட்டும் கோடு. உள்ளே விண்டோஸ் 11 இருக்கிறது, உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்ஸ் இருக்கிறது, இரண்டுக்குள்ளும் போக வழியில்லை. இரண்டு இரவு தூக்கம் போனது. மூன்றாம் நாள் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், "எல்லாம் போச்சு சார், ஃபார்மேட் பண்ணி விண்டோஸ் போட்டுத் தர்றோம், 1,500 ஆகும், டேட்டா வேணும்னா அது தனி" என்றார்கள். பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

கடைசியில் எப்படிச் சரியானது தெரியுமா? ஆன் செய்யும்போது எஃப்12 அழுத்தி, வந்த பட்டியலில் 'உபுண்டு' என்ற வரியைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

எல்லாருக்கும் இப்படி ஒரு நிமிடத்தில் முடிந்துவிடாது. ஆனால் பூட் லோடர் (ஆன் செய்ததும் விண்டோஸையோ லினக்ஸையோ ஏற்றிவிடும் சின்ன நிரல், லினக்ஸில் அதன் பெயர் கிரப்) மட்டும் கெட்டிருந்தால் உங்கள் படங்கள், கோப்புகள், ப்ராஜெக்ட் எதுவும் எங்கும் போகவில்லை. பேருந்து நிலையத்தில் அறிவிப்புப் பலகை விழுந்துவிட்டது, பேருந்துகள் அங்கேயேதான் நிற்கின்றன. அதனால் கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். எளிதானதும் ஆபத்து இல்லாததும் முதலில் வருகிற மாதிரி அடுக்கியிருக்கிறேன், எந்தப் படியில் சரியாகிறதோ அங்கேயே நிறுத்திக்கொண்டு 10ஆம் படிக்குத் தாவுங்கள்.

ஒரு விஷயம்: கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலத்தில், நான் வேறு மாதிரி சொல்லாத வரைக்கும் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள்.

1. திரையில் என்ன வருகிறது என்று போனில் படம் எடுங்கள்

"பூட் ஆகவில்லை" என்று பொதுவாகச் சொன்னால் யாராலும் உதவ முடியாது. திரையில் இருப்பதைப் பொறுத்துத்தான் வைத்தியம்.

மெனுவே வராமல் நேராக விண்டோஸுக்குள் போகிறதா? இது நோயே இல்லை, வரிசை மாறியிருக்கிறது. பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகோ பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும், மதர்போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) அப்டேட்டுக்குப் பிறகோ இப்படி ஆகலாம். 3ஆம் படி போதும்.

'கிரப்>' என்று மட்டும் வருகிறதா? கிரப் உயிரோடு இருக்கிறது, தன்னுடைய அமைப்புக் கோப்பைத்தான் காணாமல் தேடுகிறது. எனக்கு நடந்தது இதுதான். 'கிரப் ரெஸ்க்யூ>' என்றால் கொஞ்சம் கூடுதல் சிக்கல், தனக்கு வேண்டிய மாட்யூல்களையே (துணை நிரல்களையே) அது இழந்துவிட்டது. பழைய பயாஸ் முறையில் ஓடும் கணினிகளில் இதை அதிகம் பார்க்கலாம். இரண்டுக்கும் 3, 4 படிகளை முயலுங்கள்.

'ஷிம் எஸ்பிஏடி' பற்றி ஏதோ சொல்லி, பாதுகாப்புக் கொள்கை மீறல் என்று ஆங்கிலத்தில் காட்டிவிட்டுக் கணினி அணைந்துவிடுகிறதா? 2024 ஆகஸ்ட் விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு உலகம் முழுக்க இரட்டை பூட் (ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும்) வைத்திருந்த பலருக்கு வந்த பிரச்சினை. அதற்குத் தனியாக 8ஆம் படி.

பூட் செய்யச் சாதனமே இல்லை என்று வந்தால் பயாஸுக்குள் போய் உங்கள் எஸ்எஸ்டியின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். பெயரே தெரியவில்லை என்றால் இது வன்பொருள் பிரச்சினை, இந்தக் கட்டுரை உதவாது, அதற்குக் கடைக்குத்தான் போக வேண்டும்.

2. கையில் இருக்க வேண்டியவை, ஆகும் செலவு

பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) மீட்புச் சாவி. இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. விண்டோஸ் 11 உள்ள பல மடிக்கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்த உடனே, உங்களைக் கேட்காமலே டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். நீங்கள் பூட் வரிசையையோ செக்யூர் பூட்டையோ (நம்பகமான பூட் லோடரை மட்டும் ஓடவிடும் பயாஸ் அமைப்பு) தொட்டால் விண்டோஸ் சந்தேகப்பட்டு 48 இலக்கச் சாவியைக் கேட்கும். அது இல்லையென்றால் உங்கள் டேட்டா உண்மையிலேயே போய்விட்டது என்றுதான் அர்த்தம். போனில் மைக்ரோசாஃப்ட் கணக்கின் தளத்துக்குப் போய், சாதனங்கள் பகுதியில் உங்கள் கணினியைத் தேர்ந்தெடுத்தால் மீட்புச் சாவி இருக்கும். தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அலுவலக மடிக்கணினி என்றால் சாவி அலுவலக ஐடி ஆட்களிடம் இருக்கும், அவர்களைக் கேட்காமல் எதையும் தொடாதீர்கள்.

பென்டிரைவ், 8 ஜிபி போதும், 16 இருந்தால் நல்லது. 400 ரூபாய்க்குள் முடிந்துவிடும். அதில் உள்ளது எல்லாம் அழியும், கல்யாண வீடியோ இருக்கும் பென்டிரைவை எடுத்துவிடாதீர்கள்.

இன்னொரு கணினி. இல்லையென்றால் ஆண்ட்ராய்டு போனும் ஒரு ஓடிஜி கேபிளும் (போனில் பென்டிரைவைச் செருக உதவுவது) போதும், எட்ச்ட்ராய்ட் என்று ஒரு ஆப் இருக்கிறது, ஐஎஸ்ஓ கோப்பை (லினக்ஸ் முழுவதும் அடங்கிய ஒற்றைக் கோப்பு) போனிலிருந்தே பென்டிரைவில் எழுதிவிடும்.

சார்ஜர், அதைச் செருகியே வைத்திருங்கள். நடுவில் அணைந்தால் இருக்கிற பிரச்சினை இரண்டாகும்.

நேரம்? பூட் மெனுவிலேயே சரியானால் ஐந்து நிமிடம். பென்டிரைவ் தயாரிப்பதிலிருந்து தொடங்கினால் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள், அதில் பாதி டவுன்லோடுக்கே போய்விடும். மறுநாள் காலையில் ஏதாவது சமர்ப்பிக்க வேண்டும் என்றால் இன்று இரவு தொடாதீர்கள், யாரிடமாவது கணினி கடன் வாங்கி வேலையை முடித்துவிட்டு நிதானமாக உட்காருங்கள். அவசரத்தில் தட்டிய கட்டளைதான் டிஸ்கைக் காலி செய்யும்.

3. எதையும் பழுது பார்க்கும் முன் பூட் மெனுவைத் திறங்கள்

கணினியை முழுதாக அணையுங்கள். ஆன் செய்த நொடியிலிருந்து பூட் மெனு விசையை டக் டக்கென்று அழுத்திக்கொண்டே இருங்கள். டெல், லெனோவோ என்றால் பெரும்பாலும் எஃப்12. எச்பி என்றால் எஸ்கேப் அல்லது எஃப்9. அசுஸ் மடிக்கணினியில் எஸ்கேப், மதர்போர்டில் எஃப்8. ஏசரிலும் எஃப்12தான், ஆனால் முதலில் எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய் அந்த மெனுவை இயக்கிவிட வேண்டியிருக்கலாம். மாடலுக்கு மாடல் மாறும், ஆன் ஆகும்போது திரையின் ஓரத்தில் ஒரு நொடி எழுதிக் காட்டும், கவனியுங்கள்.

வரும் பட்டியலில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்', 'உபுண்டு', 'ஃபெடோரா' என்று நீங்கள் போட்ட ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி இருக்கும். இதை நான் புரிந்துகொள்ளத்தான் மூன்று நாள் ஆனது. புதிய கணினிகளில், அதாவது யூஇஎஃப்ஐ முறையில், பூட் லோடர் ஒன்று மட்டும் இல்லை. டிஸ்கின் தொடக்கத்தில் 100 எம்பியோ கொஞ்சம் கூடவோ ஒரு சின்ன பார்ட்டிஷன் இருக்கும், இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்பார்கள். அதற்குள் ஒவ்வொரு ஓஎஸ்ஸும் தனக்கென ஒரு ஃபோல்டர் வைத்திருக்கும். கடைசியாக நிறுவப்பட்டது முதல் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். என் கணினியில் முதலில் உட்கார்ந்திருந்தது ஃபெடோராவின் கிரப். அதன் மெனு எழுதப்பட்டிருந்த பார்ட்டிஷனை நான் அழித்துவிட்டதால் அது திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றது. அடுத்த வரியிலேயே உபுண்டுவின் கிரப் எந்தக் குறையும் இல்லாமல் காத்திருந்தது.

வேடிக்கை என்னவென்றால், முதல் இரவு பென்டிரைவிலிருந்து பூட் செய்ய நானே அந்தப் பட்டியலைத் திறந்தேன். 'உபுண்டு' என்ற வரியைக் கண் பார்த்தது, மண்டையில் ஏறவில்லை.

சரி, ஒவ்வொரு வரியாகத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். ஏதாவது ஒன்றில் உள்ளே போய்விட்டால் பாதி வேலை முடிந்தது. பயாஸில் பூட் வரிசை என்ற இடத்துக்குப் போய் அந்த வரியை மேலே ஏற்றுங்கள். சில ஏசர் மாடல்களில் வரிசையை மாற்ற விடாது, சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் ஒன்றை வைத்த பிறகுதான் செக்யூரிட்டி பக்கத்தில் உபுண்டுவின் இஎஃப்ஐ கோப்பை நம்பகமானது என்று சேர்க்கும் வரி உயிர் பெறும். அந்தப் பாஸ்வேர்டை மறந்துவிட்டால் பெரிய தலைவலி, எங்கேயாவது எழுதி வையுங்கள்.

4. கிரப் திரையிலிருந்தே உள்ளே போகலாம்

பூட் மெனுவில் வேலைக்கு ஆகவில்லை, ஆனால் லினக்ஸ் பார்ட்டிஷன் பத்திரமாக இருக்கிறது என்றால் பென்டிரைவ் இல்லாமலே ஒருமுறை உள்ளே நுழைய வழி இருக்கிறது. 'கிரப்>' முன்னால் தட்டுங்கள்:

எல்எஸ்

அது (எச்டி0,ஜிபிடி1) (எச்டி0,ஜிபிடி2) என்று பார்ட்டிஷன்களை வரிசையாகக் காட்டும். பழைய முறை டிஸ்க் என்றால் ஜிபிடிக்குப் பதில் எம்எஸ்டாஸ் என்றிருக்கும். இனி ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள்:

எல்எஸ் (எச்டி0,ஜிபிடி5)/

ஹோம், பூட், இடிசி என்று ஃபோல்டர் பெயர்கள் வந்தால் அதுதான் உங்கள் லினக்ஸ். கடைசிச் சாய்கோட்டை விட்டுவிடாதீர்கள், விட்டால் உள்ளே இருப்பதைக் காட்டாமல் பார்ட்டிஷனின் வகையை மட்டும் சொல்லும். உங்களுடையது எக்ஸ்ட்4 ஆக இருந்தாலும் அது எக்ஸ்ட்2 என்றோ எக்ஸ்ட்* என்றோதான் சொல்லும், அதைப் பார்த்துப் பதறவும் வேண்டாம். லினக்ஸ் எது என்று கண்டுபிடித்ததும்:

கான்ஃபிக்ஃபைல் (எச்டி0,ஜிபிடி5)/பூட்/கிரப்/கிரப்.சிஎஃப்ஜி

பழைய மெனு அப்படியே வந்து நிற்கும்.

'கிரப் ரெஸ்க்யூ>' என்றால் கான்ஃபிக்ஃபைல் கட்டளை அதற்குத் தெரியாது. அங்கே இந்த நான்கு வரிகள்:

செட் ரூட்=(எச்டி0,ஜிபிடி5)
செட் ப்ரிஃபிக்ஸ்=(எச்டி0,ஜிபிடி5)/பூட்/கிரப்
இன்ஸ்மாட் நார்மல்
நார்மல்

இரண்டிலும் இது ஒருமுறைக்கு மட்டும்தான். உள்ளே போனதும் டெர்மினலை (கட்டளை தட்டும் ஜன்னலை) திறந்து கிரப்பை மறுபடி நிறுவவில்லை என்றால் அடுத்த ரீஸ்டார்ட்டில் அதே கறுப்புத் திரை வரும். நிறுவும் முறை 7ஆம் படியின் கடைசியில் இருக்கிறது, லினக்ஸுக்குள்ளேயே இருக்கும்போது மவுண்ட் (பார்ட்டிஷனை ஒரு ஃபோல்டரில் இணைக்கும்) வரிகள் தேவையில்லை, நிறுவும் இரண்டு கட்டளைகளை மட்டும் முன்னால் சூடோ (நிர்வாகி அனுமதி தரும் சொல்) சேர்த்துத் தட்டினால் போதும்.

5. பென்டிரைவ் தயாரித்தல்

என் பரிந்துரை லினக்ஸ் மின்ட்டின் ஐஎஸ்ஓ. உங்களிடம் இருப்பது உபுண்டுவாக இருந்தாலும் இதையே எடுங்கள், ஏனென்றால் பூட் ரிப்பேர் என்ற கருவி அதன் லைவ் பதிப்பிலேயே (நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே ஓடுவது) இருக்கிறது, கோப்பும் சுமார் 3 ஜிபிதான். உபுண்டு 24.04 ஐஎஸ்ஓ அதைப்போல் இரண்டு மடங்கு, அதில் அந்தக் கருவியைத் தனியாக வேறு நிறுவ வேண்டும். புதிய பதிப்பையே இறக்குங்கள், அலமாரியில் கிடக்கும் நாலு வருடப் பழைய பென்டிரைவ் செக்யூர் பூட்டில் மாட்டிக்கொள்ளலாம். விண்டோஸ் கணினியில் ரூஃபஸ் அல்லது பலேனா எட்ச்சர் கொண்டு எழுதுங்கள். ஐஎஸ்ஓவைப் பென்டிரைவுக்குள் சும்மா காப்பி செய்தால் பூட் ஆகாது.

இப்போது, என்னை ஒரு முழு இரவு அலைக்கழித்த இடம். பூட் மெனுவில் பென்டிரைவ் இரண்டு முறை தெரியலாம். ஒன்றின் முன்னால் 'யூஇஎஃப்ஐ' என்று இருக்கும், இன்னொன்றில் பென்டிரைவின் பெயர் மட்டும். என்னுடையது 2019இல் வாங்கியது, இரண்டும் தெரிந்தன. நான் பெயர் மட்டும் உள்ளதைத் தேர்ந்தெடுத்தேன். அப்படிச் செய்தால் லைவ் லினக்ஸ் பழைய பயாஸ் முறையில் ஓடும், அங்கிருந்து நிறுவப் பார்க்கும் கிரப்பும் பழைய முறைக்கான கிரப்பாகவே இருக்கும், யூஇஎஃப்ஐ கணினிக்கு அது எதற்கும் உதவாது. பயாஸ் பூட் பார்ட்டிஷன் இல்லை என்று சொல்லி அது நிறுவ மறுத்துக்கொண்டே இருந்தது, நானும் விடாமல் மறுபடி மறுபடி தட்டிக்கொண்டே இருந்தேன். நல்லவேளை மறுத்தது.

எந்த முறையில் இருக்கிறோம் என்று அறிய, லைவுக்குள் நுழைந்ததும் டெர்மினலில்:

எல்எஸ் /சிஸ்/ஃபர்ம்வேர்/இஎஃப்ஐ

ஏதாவது பட்டியல் வந்தால் யூஇஎஃப்ஐ. அப்படி ஒரு இடமே இல்லை என்றால் பழைய முறை. விண்டோஸ் 10, 11 உடன் வந்த கணினிகள் ஏறக்குறைய எல்லாமே யூஇஎஃப்ஐதான், அதனால் லைவும் யூஇஎஃப்ஐயில் இருக்க வேண்டும். இல்லையென்றால் வெளியே வந்து சரியான வரியைத் தேர்ந்தெடுத்து மறுபடி நுழையுங்கள், அப்படியே தொடராதீர்கள்.

6. உள்ளே நுழைந்ததும் முதல் வேலை கோப்புகளைக் காப்பாற்றுவது

டெஸ்க்டாப் வந்துவிட்டது. அங்கே 'இன்ஸ்டால்' என்று ஒரு ஐகான் இருக்கும், அதைத் தொடாதீர்கள், நாம் நிறுவ வரவில்லை. ஃபைல் மேனேஜரைத் திறந்தால் இடது பக்கம் உங்கள் பார்ட்டிஷன்கள் தெரியும். வெளி ஹார்ட்டிஸ்க் ஒன்றைச் செருகி முக்கியமானதை இப்போதே காப்பி செய்துவிடுங்கள். கடையில் இதற்குத்தான் தனிக் காசு கேட்டார்கள்.

விண்டோஸ் பார்ட்டிஷன் படிக்க மட்டும் முடிகிறது, எழுத முடியவில்லை என்றால் விண்டோஸ் முழுதாக அணையாமல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பில் உறங்கிக்கொண்டிருக்கிறது. கட்டாயப்படுத்தி எழுதப் பார்க்காதீர்கள். படிக்க முடிந்தால் நமக்குப் போதும். பிட்லாக்கர் பூட்டியிருந்தால் அந்த 48 இலக்கச் சாவியை இங்கேயும் கேட்கும்.

7. கிரப்பை மறுபடி நிறுவுதல்

சுலப வழி: வைஃபையை இணைத்துவிட்டு மெனுவில் பூட் ரிப்பேரைத் திறந்து 'பரிந்துரைக்கப்படும் பழுதுபார்ப்பு' என்ற பொருளில் ஆங்கிலத்தில் இருக்கும் பெரிய பொத்தானை அழுத்துங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் ஓடும். நடுவில் அறிக்கையை இணையத்தில் ஏற்றலாமா என்று கேட்கலாம், உங்கள் டிஸ்க் விவரம் அதில் இருக்கும், விருப்பமில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். கூடுதல் விருப்பங்களுக்குள் போனால் விண்டோஸின் இஎஃப்ஐ கோப்புகளைப் பெயர் மாற்றும் ஒரு தேர்வு இருக்கும். என்ன செய்கிறோம் என்று நன்றாகத் தெரியாதவரை அதை டிக் செய்யாதீர்கள், விண்டோஸ் அப்டேட் வரும்போது குழப்பம் இரட்டிப்பாகும்.

பலருக்கு இதிலேயே முடிந்துவிடும். முடியாதவர்களுக்குக் கை வழி. இது உபுண்டு, மின்ட், டெபியன் வகைகளுக்கு. ஃபெடோராவில் யூஇஎஃப்ஐ கணினிக்கு கிரப்-இன்ஸ்டால் செய்யவே கூடாது, அங்கே ஷிம், கிரப் பேக்கேஜ்களை டிஎன்எஃப் என்ற நிறுவும் கட்டளை மூலம் ரீஇன்ஸ்டால் செய்வதுதான் முறை.

முதலில் எது எந்த பார்ட்டிஷன் என்று பாருங்கள்:

எல்எஸ்பிஎல்கே -எஃப்

விஎஃப்ஏடி என்று இருக்கும் சின்னது இஎஃப்ஐ பார்ட்டிஷன். செருகியிருக்கும் பென்டிரைவிலும் விஎஃப்ஏடி ஒன்று தெரியலாம், அதை எடுத்துவிடாதீர்கள். எக்ஸ்ட்4 என்று இருப்பது லினக்ஸ். என்டிஎஃப்எஸ் விண்டோஸ். என் கணினியில் இஎஃப்ஐ 1ஆவது, உபுண்டு 5ஆவது, டிஸ்கின் பெயர் என்விஎம்இ0என்1. உங்களுடைய எண்கள் வேறாக இருக்கும், என் எண்களை அப்படியே தட்டிவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

சூடோ மவுண்ட் /டெவ்/என்விஎம்இ0என்1பி5 /எம்என்டி
சூடோ மவுண்ட் /டெவ்/என்விஎம்இ0என்1பி1 /எம்என்டி/பூட்/இஎஃப்ஐ
சூடோ மவுண்ட் --ஆர்பைண்ட் /டெவ் /எம்என்டி/டெவ்
சூடோ மவுண்ட் --ஆர்பைண்ட் /ப்ராக் /எம்என்டி/ப்ராக்
சூடோ மவுண்ட் --ஆர்பைண்ட் /சிஸ் /எம்என்டி/சிஸ்
சூடோ சிஎச்ரூட் /எம்என்டி

பல இடங்களில் வெறும் பைண்ட் என்று போட்டிருப்பார்கள். ஆர் சேர்த்துப் போடுங்கள், இல்லையென்றால் இஎஃப்ஐ மாறிகள் (பூட் வரிசை போன்றவை சேமிக்கப்படும் இடம்) உள்ளே தெரியாமல் கிரப் நிறுவும்போது முறைத்துக்கொள்ளும்.

கடைசி வரி தட்டியதும் நீங்கள் உங்கள் சொந்த உபுண்டுக்குள் நிற்கிறீர்கள். இப்போது:

கிரப்-இன்ஸ்டால்
அப்டேட்-கிரப்
எக்சிட்

நிறுவல் முடிந்தது, பிழை எதுவும் இல்லை என்ற பொருளில் ஒரு வரி வர வேண்டும். அப்புறம் ரீஸ்டார்ட்.

பழைய பயாஸ் கணினியில் இரண்டு மாற்றம். இஎஃப்ஐ மவுண்ட் வரி வேண்டாம், நிறுவும் வரி 'கிரப்-இன்ஸ்டால் /டெவ்/எஸ்டிஏ' என்று இருக்க வேண்டும். எஸ்டிஏ1 இல்லை, எண் வரக் கூடாது, டிஸ்கைச் சொல்ல வேண்டும், பார்ட்டிஷனை இல்லை.

8. ஷிம் எஸ்பிஏடி பிழை வந்தவர்களுக்கு மட்டும்

பிட்லாக்கர் சாவி கையில் இருக்கிறதா என்று இன்னொரு முறை பாருங்கள். விண்டோஸுக்குள் போக முடிகிறது என்றால் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு வருவது இன்னும் நல்லது. பிறகு பயாஸில் செக்யூர் பூட்டை அணையுங்கள், உபுண்டுக்குள் போங்கள், டெர்மினலில்:

சூடோ மோக்யூடில் --செட்-எஸ்பிஏடி-பாலிசி டிலீட்

ரீஸ்டார்ட் செய்து, செக்யூர் பூட் அணைந்த நிலையிலேயே இன்னொரு முறை உபுண்டுக்குள் நுழையுங்கள். பலர் இந்த இரண்டாம் நுழைவை விட்டுவிட்டு ஒன்றும் மாறவில்லை என்பார்கள். உள்ளே போய் அப்டேட்டுகள் எல்லாவற்றையும் போட்டுவிட்டுத்தான் செக்யூர் பூட்டை மறுபடி இயக்க வேண்டும்.

9. உபுண்டு வருகிறது, விண்டோஸ் கெட்டுவிட்டது என்றால்

8 ஜிபி பென்டிரைவில் மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலைக் கொண்டு விண்டோஸ் நிறுவியைத் தயார் செய்யுங்கள், அதிலிருந்து பூட் செய்து, நிறுவாமல், கணினியைப் பழுது பார்க்கும் வழியில் போய்க் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் திறங்கள். டிஸ்க்பார்ட்டில் 'லிஸ்ட் வால்' தட்டினால் ஃபேட்32 என்று ஒரு சின்ன வால்யூம் தெரியும், செருகியிருக்கும் பென்டிரைவும் ஃபேட்32 ஆகத் தெரியலாம், அளவைப் பார்த்துப் பிரித்தறியுங்கள். சின்னதைத் தேர்ந்தெடுத்து 'அசைன் லெட்டர்=எஸ்' கொடுத்து, எக்சிட். பிறகு:

பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் எஸ்: /எஃப் யூஇஎஃப்ஐ

இந்தச் சூழலில் விண்டோஸ் இருக்கும் எழுத்து சி ஆக இல்லாமல் டி என்றோ இ என்றோ மாறியிருக்கலாம், முதலில் டிர் தட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஃபேட்32 பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்யச் சொல்லும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. இரட்டை பூட் வைத்திருப்பவர்கள் அதைச் செய்தால் உபுண்டுவின் ஃபோல்டரும் சேர்ந்து போய்விடும். மேலே உள்ள கட்டளை உபுண்டுவின் ஃபோல்டரைத் தொடாது, ஆனால் விண்டோஸை வரிசையில் முதலில் வைத்துவிடலாம், அப்போது 3ஆம் படிப்படி மறுபடி உபுண்டுவை மேலே ஏற்ற வேண்டும்.

10. சரியான பிறகு செய்ய வேண்டிய துப்புரவு

மெனுவில் உபுண்டு மட்டும் தெரிகிறது, விண்டோஸைக் காணோம் என்று பலர் பதறுவார்கள். கிரப் 2.06 வந்ததிலிருந்து மற்ற ஓஎஸ்களைத் தேடும் வேலை இயல்பாகவே நிறுத்தப்பட்டிருக்கிறது. /இடிசி/டிஃபால்ட்/கிரப் கோப்பைத் திறந்து, ஜிஆர்யூபி_டிஸேபிள்_ஓஎஸ்_ப்ரோபர்=ஃபால்ஸ் என்ற வரியைத் தேடுங்கள். சமக்குறிக்கு முன்னால் உள்ளது எல்லாம் பெரிய எழுத்து. வரியின் தொடக்கத்தில் # இருந்தால் அதை நீக்குங்கள், வரியே இல்லையென்றால் கடைசியில் நீங்களே சேருங்கள். பிறகு 'சூடோ அப்டேட்-கிரப்'. ஓடும்போதே விண்டோஸ் பூட் மேனேஜரைக் கண்டுபிடித்ததாகச் சொல்லும்.

அழித்த ஓஎஸ்ஸின் பெயர் பயாஸ் பட்டியலில் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும். அதை எடுக்க இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் என்ற கட்டளை. கடைசி மூன்று எழுத்து எம்ஜிஆர் என்பதால் எனக்கு இது மட்டும் மறப்பதே இல்லை. சும்மா அதைத் தட்டினால் பட்டியல் வரும், ஒவ்வொன்றின் முன்னும் நான்கு இலக்க எண். எனக்கு ஃபெடோரா 0004 என்று இருந்தது:

சூடோ இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் -பி 0004 -பி

முதல் பி சிறியது, இரண்டாவது பெரியது. எண்ணை இரண்டு முறை சரிபார்த்துவிட்டு என்டர் தட்டுங்கள், விண்டோஸின் எண்ணைப் போட்டுவிடாதீர்கள். வரிசையை மாற்றவும் இதே கட்டளைதான், '-ஓ 0003,0000' என்று விரும்பும் வரிசையில் எண்களைக் கொடுக்கலாம்.

விண்டோஸுக்குள் போய் பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்துங்கள். இனி ஏதாவது லினக்ஸை நீக்குவதாக இருந்தால், முதலில் மற்ற ஓஎஸ்ஸின் வரியைப் பட்டியலில் மேலே ஏற்றி, அதில் ஒருமுறை பூட் ஆகிப் பார்த்துவிட்டு, பிறகு பார்ட்டிஷனை அழியுங்கள். இந்த வரிசையை நான் தலைகீழாகச் செய்ததில்தான் மூன்று நாள் போனது.

பென்டிரைவை அழிக்காமல் மடிக்கணினிப் பையிலேயே போட்டு வைத்திருக்கிறேன். மடிக்கணினியின் அடியில், மாடல் எண் ஸ்டிக்கருக்குப் பக்கத்தில், ஒரு துண்டு பேப்பர் டேப் ஒட்டி, அதில் 'எஃப்12' என்று மார்க்கரில் எழுதியிருக்கிறேன்.